குடிப்பவருக்குத் தெரியாமல் மாத்திரை கலந்து கொடுக்கலாமா?

வாசகியின் கேள்வி, 3 நவம்பர் 2025

என் கணவருக்கு 41 வயது. சில ஆண்டுகளாகத் தினமும் குடிக்கிறார். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது. கொஞ்சம் உள்ளே போன பிறகுதான் சவரக் கத்தியையே பிடிக்க முடிகிறது. மருத்துவமனைக்குக் கூப்பிட்டால் "நான் என்ன குடிகாரனா?" என்று சண்டை. பஸ் நிலையச் சுவரில் "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கச் செய்யலாம்" என்று எழுதி ஒரு கைபேசி எண் போட்டிருந்தது. கூப்பிட்டுப் பேசினேன். சாம்பாரிலோ ரசத்திலோ கலந்தால் சுவையே தெரியாதாம். ஒரு மாதப் பொடி 3,500 ரூபாய். யாராவது வாங்கிக் கொடுத்திருக்கிறீர்களா? பலன் உண்டா? எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவசரமாகக் கேட்கிறேன்.

3 நவம்பர், இரவு

கொடுக்காதீர்கள், அம்மா. காரணத்தை நாளை எழுதுகிறேன். பொடியை ஏற்கெனவே வாங்கியிருந்தால் இன்றைய சாப்பாட்டில் போடாமல் எடுத்து வையுங்கள். தூக்கி எறியவும் வேண்டாம், மருத்துவரிடம் காட்ட உதவும்.

4 நவம்பர்

ஆத்தூர்ப் பக்கம் ஒரு சிறிய ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இதே கேள்வியோடு பெண்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கூட்டம் இருக்கும்போது வர மாட்டார்கள். கடைப் பையன் சாப்பிடப் போன மதிய நேரம் பார்த்து வருவார்கள். முதலில் ஒரு தலைவலி மாத்திரை கேட்பார்கள். மீதிச் சில்லறையை வாங்கிய பிறகும் நகராமல் நிற்பார்கள். பிறகு இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, அதற்குள் நான்காக மடித்து வைத்த காலி மாத்திரை அட்டையை மேசைமேல் வைப்பார்கள். பெயர் பாதி கிழிந்திருக்கும். "இது இருக்கிறதா? பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள். ரசத்தில் கரையுமா?"

அந்த அட்டையில் பெரும்பாலும் இருப்பது டைசல்பிராம். இது போலி மருந்து இல்லை. முறையாகக் கொடுத்தால் பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் யாரும் ரசத்தில் போட மாட்டார்கள்.

குடித்த மது உடம்பில் இரண்டு படிகளில் சிதைகிறது. முதல் படியில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உண்டாகிறது. இரண்டாம் படியில் கல்லீரல் அந்த நச்சையும் உடைத்துவிடுகிறது. டைசல்பிராம் இந்த இரண்டாம் படியை அடைத்துவிடும். மருந்து உடம்பில் இருக்கும்போது ஒருவர் குடித்தால் நச்சு ரத்தத்தில் தேங்கும். முகம் சிவந்து கொதிக்கும், மண்டை பிளக்கும், குடல் வெளியே வருவதுபோல் வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். நிறையக் குடித்தவருக்கும் இதய நோய் உள்ளவருக்கும் அது மாரடைப்பில், வலிப்பில், சாவில்கூட முடியலாம். 1930களில் அமெரிக்காவில் ரப்பர் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் இந்த வேதிப்பொருளோடு புழங்கிவிட்டுக் குடித்தபோது உடம்பு ஒத்துக்கொள்ளாமல் போனது கவனிக்கப்பட்டது. 1940களில் டென்மார்க்கில் இரண்டு ஆய்வாளர்கள் குடற்புழுவுக்காக இதைத் தாங்களே விழுங்கிச் சோதித்தபோது அதே கதைதான். அங்கிருந்துதான் இது குடிநோய்க்கு மருந்தாக வந்தது.

இந்த மாத்திரையின் பலமே பயம்தான். குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவரைத்தான் அது தடுக்கும். தெரியாதவர் வழக்கம்போல் மாலையில் குடிப்பார், வழக்கம்போல் நிறையக் குடிப்பார். நடுராத்திரியில் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடும்போது, எந்த மருந்தைக் கொடுத்தோம் என்று மருத்துவரிடம் வாய் திறக்கவும் அந்த மனைவிக்குத் துணிவு வராது.

சுவரில் எழுதியிருக்கும் எண்ணில் விற்கும் பொடி இன்னும் மோசம். என்னிடம் கொண்டுவந்து காட்டப்பட்ட பொட்டலங்களில் மருந்தின் பெயர் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை, தொகுதி எண் இல்லை. உள்ளே டைசல்பிராம் இருக்கலாம், வெறும் சுக்குப் பொடியும் இருக்கலாம். எது இருந்தாலும் 3,500 ரூபாய்.

5 நவம்பர்

"எங்கள் மாமாவுக்கு அத்தை அப்படித்தான் கொடுத்தார். இப்போது சுத்தமாக நிறுத்திவிட்டார், நீங்கள் பயமுறுத்துகிறீர்கள்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மாமா நலமாக இருப்பதில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. ஆனால் தப்பித்தவர்தான் கதை சொல்வார். தப்பிக்காதவர் வீட்டில் "நெஞ்சு வலி வந்து போய்விட்டார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தச் சாவுகளை யாரும் எண்ணுவதில்லை.

இன்னொன்று. முறையாக இதைக் கொடுக்கும் மருத்துவர் முதலில் கல்லீரல் சோதனை பார்ப்பார், இதயத்தைப் பார்ப்பார். கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நோயாளியை உட்காரவைத்து, "இதை விழுங்கிவிட்டுக் குடித்தால் இதுதான் நடக்கும்" என்று சொல்லி ஒப்புதல் வாங்குவார். இருமல் டானிக்கில்கூட ஆல்கஹால் இருக்கும், அரிஷ்டத்தில் இருக்கும், கவனம் என்று எச்சரிப்பார். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை நீடிக்கும் என்பதையும் சொல்வார். சமையலறையில் இவற்றில் எதுவும் நடக்காது.

6 நவம்பர்

கேள்வி கேட்ட அம்மா, உங்கள் பதிவில் பொடியைவிட என்னைக் கவலைப்படுத்தியது ஒரு வரி. காலையில் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. இரண்டு பேர் "அறையில் பூட்டி வையுங்கள், மூன்று நாளில் சரியாகிவிடும்" என்று வேறு எழுதியிருக்கிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

என் அண்ணன் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் வேலை பார்த்தவர். 2020 மார்ச் 24 மாலை ஊரடங்கு வந்தது, மதுக்கடைகளும் மூடப்பட்டன. எங்கள் அண்ணிக்கு அன்று ஒரே நிம்மதி. "இப்போதாவது கட்டாயமாக நிற்குமே" என்றார். கையிருப்பு தீர்ந்த முதல் நாள் வியர்வையும் நடுக்கமும். இரண்டாம் நாள் தூக்கமே இல்லை, சோற்றைக் கண்டாலே குமட்டல். மூன்றாம் இரவு அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டார். நான் போனபோது அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து போர்வையிலிருந்து எதையோ ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். எறும்பாம். போர்வையில் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து சட்டையைத் தேடினார். கிழங்கு லோடு வந்து இறக்காமல் நிற்கிறது, வண்டிக்காரன் வாசலில் கூப்பிடுகிறான் என்றார். ஆலை மூடிக் கிடந்தது, தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கதவை மறித்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "யாரப்பா நீ, விலகு" என்றார்.

இதற்கு டெலிரியம் என்று பெயர். நீண்ட நாள் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாட்களுக்குள் இந்த மனக்குழப்பம் வரலாம். வைத்தியம் இல்லாமல் விட்டால் சிலர் இறந்தே போகிறார்கள். மது மூளையை அமுக்கி வைக்கும். அந்த அழுத்தத்துக்கு எதிராக மூளை ஆண்டுக்கணக்கில் தன்னை முறுக்கேற்றி வைத்திருக்கும். ஒரே நாளில் அழுத்தத்தை எடுத்துவிட்டால் முறுக்கு மட்டும் மிஞ்சும். காலை நடுக்கம் அதன் முதல் அறிகுறி.

அண்ணனை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். தூக்க மருந்து வகையைச் சேர்ந்த மாத்திரைகளை முதலில் அதிக அளவிலும் பிறகு நாளுக்கு நாள் குறைத்தும் கொடுத்தார்கள். தயாமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டார்கள். நான் வழக்கம்போல் "தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்றேன். பணியிலிருந்த இளம் மருத்துவர், "தயாமின் போகாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பழுதாகும் ஆபத்து உண்டு, அண்ணா" என்று பொறுமையாகச் சொன்னார். அந்த மருத்துவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். குடிப்பவரைக் கொண்டுவந்தால் முகம் சுளிக்கும் இடங்கள் நிறைய உண்டு. அவர் அண்ணனை நோயாளியாகத்தான் பார்த்தார்.

அந்த ஏப்ரலில்தான் புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் மூன்று பேர் ஷேவிங் லோஷன் குடித்து இறந்தார்கள். கேரளத்தில் மருத்துவர் சீட்டு இருந்தால் மது கொடுக்கலாம் என்று அரசே ஆணை போட்டு, உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. சிரித்தவர்கள் பலர். அண்ணனின் மூன்றாம் இரவைப் பார்த்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே நடுக்கம் உள்ளவர் குடியை நிறுத்துவது மருத்துவர் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும். அதுவரை வீட்டில் வலுக்கட்டாயமாக நிறுத்தவைக்க வேண்டாம்.

9 நவம்பர்

"நோய் நோய் என்று சொல்லி அவர்களைத் தப்பிக்க விடுகிறீர்கள். சர்க்கரை நோயாளி மனைவியை அடிப்பதில்லை" என்று ஓர் அம்மா எழுதியிருக்கிறார். இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

நோய் என்று நான் சொல்வது அடித்ததற்கு மன்னிப்பு வாங்கித் தருவதற்காக இல்லை. அடித்தால் அது குற்றம்தான். காவல் நிலையத்துக்கும் போகலாம், அம்மா வீட்டுக்கும் போகலாம், பெண்கள் உதவி எண் 181க்கும் கூப்பிடலாம். குடிநோய் அதில் எதையும் குறைத்துவிடாது. ஆனால் அடிப்பதை நிறுத்தச் சட்டம் போதும் என்றாலும் குடியை நிறுத்தச் சட்டம் போதாது, மருத்துவம் வேண்டும். அதனால்தான் நோய் என்கிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மது, போதைப் பொருள்களால் வரும் மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது.

10 நவம்பர்

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அண்ணன் அண்ணியை அடித்ததில்லை. அதனால் நான் இதை எழுதுவது எளிது. அடி வாங்கிய வீட்டில் வளர்ந்த ஒருவர் என்னைவிடக் கடுமையாக எழுதினால், அந்தக் கடுமைக்கு அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் முதல் கேள்வி, அவர் குடியை நிறுத்துவாரா என்பதாக இருக்கக்கூடாது. அந்தப் பெண்ணும் குழந்தைகளும் இன்றிரவு எங்கே பாதுகாப்பாகப் படுப்பார்கள் என்பதுதான்.

14 நவம்பர்

பேச்சு எதிர்பார்த்த இடத்துக்கு வந்துவிட்டது. "டாஸ்மாக்கை மூடு, எல்லாம் சரியாகும்." இரண்டு நாளாக இதுவே ஓடுகிறது.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இது பழைய கதை. நாட்டிலேயே முன்னோடியாக மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1, ராஜாஜி முதல்வராக இருந்தபோது. கலால் வருமானம் போனதை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார்கள். இன்று கடையில் நான் போடும் ஒவ்வொரு பில்லிலும் அந்த வரியின் பேரன் உட்கார்ந்திருக்கிறான். மதுவுக்குப் பதிலாக வந்த வரி போகவே இல்லை, மது மட்டும் திரும்பி வந்துவிட்டது. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல் தளர்த்தினார்கள், சில ஆண்டுகளில் மறுபடி மூடினார்கள். 1981இல் திறந்தார்கள். 1983இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 2003இல் சில்லறைக் கடைகளையும் அதுவே எடுத்துக்கொண்டது. 2016, 2017, 2023 என்று ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகளைக் குறைத்தார்கள். வருமானம் குறையவில்லை. 2023-24இல் அரசுக்கு இதன் வழியாக வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

நான் கடைகளைக் குறைக்க வேண்டாம் என்பவன் இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் பக்கத்தில் கடை இருப்பதை எந்த ஊரும் பொறுக்கக் கூடாது. மதுக்கடையை அகற்றக் கோரி 2015 ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் செல்போன் கோபுரத்தின் மேலேறிப் போராடி உயிரிழந்த காந்தியவாதி சசி பெருமாள் எங்கள் சேலத்துக்காரர். அவர் கேட்டது நியாயமான ஒன்று.

ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததையும் பாருங்கள். அரசுக் கடை திறந்திருக்கும் ஊரிலேயே, அதைவிட மலிவு என்பதற்காகப் பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்தார்கள். உள்ளே மெத்தனால். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்னும். பிழைத்தவர்களில் பார்வை போனவர்களும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் இதேதான். செத்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்குப் போகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள். கடை மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் அவர்களுக்கு அடுத்த நாள் கை நடுங்கியிருக்கும், எது கிடைக்கிறதோ அதைக் குடித்திருப்பார்கள். பிறகு சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள். விற்பவனுக்கு அது வேண்டியதுதான். நடுங்கும் கைக்கு என்ன வைத்திருக்கிறோம்?

2019இல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய நாடு தழுவிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்றது. உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். மூடு என்று கோஷம் போடும்போது இந்த 37 பேருக்கும் படுக்கை கொடு என்றும் சேர்த்துக் கோஷம் போடுங்கள். மதுக்கடை இருக்கும் ஒவ்வொரு ஊரிலும் அரசு மருத்துவமனையில் குடிநோய்க்கென்று இரண்டு படுக்கை, ஒரு ஆலோசகர். இதைத் தேர்தலில் கேட்கலாம். கேட்கும் கட்சிக்காரர் யாரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

18 நவம்பர்

நேற்று கார்த்திகை ஒன்று. எங்கள் தெருவில் கறுப்பு வேட்டிகள் வந்துவிட்டன. அதோடு ஓர் அன்பரின் கேள்வியும் வந்திருக்கிறது: "மாலை போட்டால் 48 நாள் ஒரு சொட்டு தொடுவதில்லை. அப்போது எங்கே போகிறது உங்கள் நோய்? திமிர்தானே?"

நல்ல கேள்வி. குடிநோயாளியின் குடும்பம் ஒவ்வொன்றும் இதைக் கேட்டிருக்கும். மாலை போடும் மனிதருக்கு அந்த 48 நாளும் என்னவெல்லாம் கிடைக்கிறது என்று பாருங்கள். விடியலில் குளியல், மாலையில் பஜனை, கூடவே அதே விரதத்தில் இருக்கும் பத்துப் பேர், பழைய கூட்டாளிகள் தாமாகவே விலகி நிற்கும் மரியாதை. வீட்டில் அவரைச் "சாமி" என்று கூப்பிடுகிறார்கள். நேற்றுவரை "குடிகாரா" என்று அழைத்த அதே வாய். எந்த மறுவாழ்வு மையமும் இதைவிட நல்ல ஏற்பாட்டைச் செய்துவிட முடியாது. மாலையைக் கழற்றிய நாளில் இவை அனைத்தையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறோம். பழைய தெரு, பழைய சம்பள நாள், பழைய பட்டப்பெயர். அவரால் நிறுத்த முடிகிறது. நிறுத்திய இடத்தில் நிற்கத்தான் முடியவில்லை, அந்த முடியாமைதான் நோய். மதுவை நிறுத்தும் வைத்தியம் சில நாட்களில் முடிந்துவிடும். நிறுத்திய இடத்தில் நிற்கவைக்கும் வைத்தியம் ஆண்டுக்கணக்கில் நடக்கும்.

ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களில் "இன்று ஒரு நாள் மட்டும் குடிக்க மாட்டேன்" என்பார்கள். 1935இல் அமெரிக்காவில் குடியிலிருந்து மீள நினைத்த இரண்டு பேர் சந்தித்துத் தொடங்கியது அது. கட்டணம் இல்லை, பெயர் கேட்பதில்லை. அண்ணன் முதல் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, "அங்கே யாரும் எனக்குப் புத்தி சொல்லவில்லை" என்று ஆச்சரியப்பட்டார். அதுவரை அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் புத்தி சொன்னவர்கள்தான்.

மாலை போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தினமும் குடித்து, காலை நடுக்கமும் இருப்பவர் என்றால், மாலை போடுவதற்கு முன் மருத்துவரைப் பார்த்து மருந்தோடு நிறுத்திவிட்டுப் போடுங்கள். கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறவர்களுக்கும் இதுவேதான். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

19 நவம்பர்

கயிறு கட்டுவதைக் கிண்டல் செய்து மூன்று பதிவுகள் வந்திருக்கின்றன. வேண்டாம். ஊர் அறிய "இனிக் குடிக்க மாட்டேன்" என்று சொல்ல ஒருவருக்கு ஒரு சடங்கு உதவுகிறது என்றால் அது நல்லதே. ஒளித்துக் கலக்கும் பொடியைவிட ஆயிரம் மடங்கு மேல். ஏனென்றால் கயிறு கட்டும்போது அவர் அங்கே இருக்கிறார், கையை அவரே நீட்டுகிறார்.

27 நவம்பர்

குடியைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்களே, இந்தக் காலத்துப் பையன்கள் விஷயம் தெரியுமா என்று ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார். தெரியும் ஐயா, என் கடை வாசலிலேயே தெரியும்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் இரண்டு பேர் வருவார்கள். ஒருவன் வண்டியை விட்டு இறங்க மாட்டான். இறங்கி வருபவன் வலி மாத்திரை ஒன்றின் பெயரை மில்லிகிராம் அளவோடு சொல்வான். புற்றுநோய் வலி, அறுவைச் சிகிச்சை வலி போன்ற கடும் வலிகளுக்குக் கொடுக்கும் அபின் வகை மாத்திரை. சீட்டு எங்கே என்றால் பாட்டிக்கு என்பான். பாட்டியைக் கூட்டிக்கொண்டு வா என்றால் முறைப்பான். ஒருமுறை கொடுக்கவில்லை என்று கண்ணாடிக் கதவில் கல் விழுந்தது. விழட்டும். மாத்திரையை ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையில் இருக்கும் மாவுப் பொருள்கள் ரத்தக் குழாயை அடைக்கின்றன, கை அழுகுகிறது. ஒரே ஊசியைப் பகிர்வதால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்ஐவியும் சேர்ந்து வருகின்றன.

ஆனால் அந்தப் பையனின் தந்தை தினமும் குவார்ட்டர் வாங்கி வரச் சொல்லி அவனைத்தான் கடைக்கு அனுப்பியிருப்பார். இது என் ஊகம் இல்லை. கல் எறிந்தவனின் வீடு எங்கள் பக்கத்துத் தெருதான்.

8 டிசம்பர்

கேள்வி கேட்ட அம்மா மறுபடி எழுதியிருக்கிறார். பொடி வாங்கவில்லை. ஆனால் கணவர் இன்னும் மருத்துவமனைக்கு வர மறுக்கிறார், என்ன செய்வது என்கிறார்.

என் கடையில் பார்த்ததைச் சொல்கிறேன். குடிக்கு வைத்தியம் கேட்டு எந்த ஆணும் வந்ததில்லை. "பாதம் எரிகிறது", "ராத்திரி தூக்கமே இல்லை", "பசியே எடுக்கவில்லை" என்றுதான் வருவார்கள். மூன்றும் குடியால் வரக்கூடியவை. அவர் வாயால் சொல்லும் தொந்தரவு எதுவோ அதற்கு வைத்தியம் பார்க்கலாம் என்று கூப்பிடுங்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, பாத எரிச்சலுக்கும் வைத்தியம் வேண்டும்தானே? உள்ளே போனதும் எத்தனை ஆண்டாகக் குடிக்கிறார், காலை நடுக்கம் உண்டா என்பதை அவர் முன்னாலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். பல ஆண்கள் மனைவி திட்டும்போது மறுப்பதை மருத்துவர் சாதாரணமாகக் கேட்கும்போது ஒப்புக்கொள்கிறார்கள்.

பேசுவதானால் போதை தெளிந்த நேரத்தில், குழந்தைகள் இல்லாதபோது, சுருக்கமாக. "பெரியவளின் பள்ளிக் கூட்டத்துக்கு நீங்கள் வரவில்லை, அவள் அழுதாள்" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். "நீங்கள் ஒழிய மாட்டீர்களா" என்பது அவருக்கு மாலையில் குடிக்க ஒரு காரணமாகிவிடும்.

வேலைக்குப் போகாத நாளில் முதலாளிக்குத் தொலைபேசி செய்து "காய்ச்சல்" என்று பொய் சொல்வதை நிறுத்துங்கள். கடன்காரருக்கு உங்கள் நகையை வைத்துக் கொடுப்பதை நிறுத்துங்கள். அண்ணி இதைச் செய்யத் தொடங்கியபோது எங்கள் அம்மாவே அவரைக் கல்நெஞ்சக்காரி என்றார். அண்ணி அசையவில்லை. குடியின் விலை முழுவதையும் குடும்பமே கட்டிக்கொண்டிருந்தால், அது எவ்வளவு என்றே குடிப்பவருக்குத் தெரியாமல் போகும்.

நீங்களும் தனியாக ஒருவரிடம் பேசுங்கள். அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். 14446 போதை மீட்புக்கான இலவச உதவி எண், 14416 மனநல உதவி எண். இரண்டிலும் குடும்பத்தாரும் பேசலாம். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் உண்டு. பெரியவளைக் கவனியுங்கள். இப்படிப்பட்ட வீட்டில் மூத்த பெண் பத்து வயதிலேயே தாயாகிவிடுகிறாள், தங்கையைத் தூங்கவைத்துவிட்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கக் காத்திருக்கிறாள். அப்பா குடிப்பதற்கு அவள் காரணமில்லை என்று யாராவது அவளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

9 டிசம்பர்

சென்னைப் பக்கம் இருப்பவர்கள் கேட்டதற்கு: இந்திரா நகரில் உள்ள டிடிகே மருத்துவமனை 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கியது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அங்கே குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சைத் திட்டம் உண்டு.

16 ஜனவரி 2026

பொங்கல் முடிந்தது. சபரிமலைக்குப் போனவர்கள் மாலையைக் கழற்றிவிட்டார்கள். பயந்தது போலவே நேற்று கடையில் நெஞ்செரிச்சல் மருந்து நிறைய விற்றது.

ஒரு நல்ல செய்தி. எங்கள் தெரு குருசாமி இந்த ஆண்டு தன் குழுவில் நான்கு பேரை மாலை கழற்றிய மறுநாளே மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். யாரும் சொல்லாமல் அவரே செய்தது. பஜனையை வாரம் ஒரு நாள் தொடரப் போகிறாராம். நான் கேட்டபோது, "விரதம் முடிந்தால் சாமி ஓடிவிடுமா?" என்றார். இந்த மனிதருக்கு நான் என்ன பட்டம் கொடுப்பது!

20 ஜனவரி

அம்மாவிடமிருந்து தனிச் செய்தி. கணவர் பாத எரிச்சலுக்காக வந்தாராம், மருத்துவர் உள்நோயாளியாகச் சேரச் சொல்லியிருக்கிறார், அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார். சோர்ந்துவிடாதீர்கள் அம்மா. அண்ணனும் முதல் சிகிச்சைக்குப் பிறகு மறுபடி குடித்தார், மறுபடி சேர்ந்தார். மீண்டும் குடிப்பது இந்த நோயில் அடிக்கடி நடப்பது. அப்போதும் அடுத்த முறை அதே மருத்துவரிடம் போவதுதான் வழி. ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. எது அவருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்வார்.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்த நாளில் வருகிறார், இரவில் செவிலியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். உள்ளே இருப்பவரோடு வாரம் ஒருமுறையாவது தொலைபேசியில் பேச விடுவார்களா என்று கேளுங்கள். "வீட்டுக்கே வண்டி அனுப்பித் தூக்கி வருவோம், மூன்று மாதம் நீங்கள் பார்க்கவே கூடாது" என்று சொல்லும் இடமாக இருந்தால் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் அடி வாங்கித் திரும்பிய ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். இப்போது வெள்ளைச் சட்டை போட்ட யாரைப் பார்த்தாலும் ஒதுங்கிப் போகிறார், காய்ச்சலுக்குக்கூட மருத்துவரிடம் வருவதில்லை. முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவைப் பாருங்கள். 2025இல் தமிழக அரசு தொடங்கிய கலங்கரை என்ற போதை மீட்பு மையங்களும் அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் எங்கே என்று 104 மருத்துவ உதவி எண்ணில் விசாரித்துக்கொள்ளலாம். போகும்போது அவர் இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.